நாலு நாற்பதுக்கு ஒரு டம்ளர் இளநீர்

முதலில் வலித்தது தோள். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்த என் கணவர் ஏழுமலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் (இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் பிரிவு) அவருக்கு வேலை. தகடு தூக்கித் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அரை மணி நேரம் தேய்த்தேன். இதைப் படிக்கும் யாராவது இப்போது அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தால், உடனே கையைத் துடைத்துவிட்டு வண்டி கூப்பிடுங்கள். இரைப்பையில் ஓட்டை விழுந்தால் அதன் வழியாக வெளியேறும் காற்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை முட்டும். அந்த வலி தோளில்தான் தெரியும். இதைப் பிறகு ஒரு டாக்டரம்மா எனக்குப் படம் போட்டு விளக்கினார். நான் தேய்த்து முடிப்பதற்குள் ஏழுமலையின் வயிறு பலகை மாதிரி விறைத்துப் போயிருந்தது.

சுனாமிக்கு முந்தைய ஆடி மாதம் அது. அன்று ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தால் ஷேர் ஆட்டோ ஒவ்வொன்றும் பிதுங்கிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ரூம்களில் குடியிருந்தவர்களில் ஒருவரான சுடலைமணி ரோட்டின் நடுவே போய் நின்று ஒரு வண்டியை மறித்தார். உள்ளே மொட்டையும் சந்தனமுமாக இருந்தவர்கள் ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததும் இறங்கிக்கொண்டார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. வெயிலில் இறங்கி நின்ற அந்த முகங்கள் நினைவிருக்கின்றன.

எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கம்பெனி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு இடத்தில்தான் இப்படி நடக்கும் என்று நீங்கள் ஆறுதல்பட்டுக்கொள்வீர்கள்.

பெர்ஃபரேஷன் (இரைப்பைப் புண் முற்றி ஓட்டை விழுவது) என்றார் டாக்டரம்மா. "வலி மாத்திரை நிறைய சாப்பிடுவாரா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் படுத்தபடியே ஆமாம் என்று தலையாட்டினார். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து எனக்குத் தெரியவந்த விஷயம் இது. கம்பெனியின் முதலுதவி அறையில் ஒரு டப்பா இருக்குமாம். முதுகு வலி என்று போனால் அள்ளிக் கொடுப்பார்களாம். டீ நேரத்தில் வெறும் வயிற்றில் இரண்டு போட்டுக்கொண்டு ஓவர்டைம் பார்ப்பாராம். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. லைன் நிற்காமல் ஓடினால் போதும் அவர்களுக்கு. அந்த டப்பாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலையே லேப்பராட்டமி (வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை) செய்தார்கள். ஓட்டையைத் தைத்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வை அதன்மேல் ஒட்டுப்போட்டார்கள். விலாவுக்குக் கீழே ஒரு டிரெய்ன் (உள்ளே தேங்கும் நீரை வெளியே எடுக்கும் குழாய்) வைத்து, அதன் முனையில் ஒரு பை கட்டியிருந்தார்கள். அவரைக் கம்பெனி வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரரின் ஆள் மறுநாள் வந்தார். "அவரு எங்க ரோல்லயே இல்லைம்மா, சும்மா மனிதாபிமானத்துல வந்தேன்" என்றார். ஏழுமலையின் இடத்துக்கு அன்று காலையே வேறு ஆள் போட்டாகிவிட்டது என்பதையும் மனிதாபிமானத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்கள் வார்டில் துணைக்குப் பெண்கள் தங்கக் கூடாது. பார்வை நேரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் நான் உள்ளே இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் ஓர் ஆண் வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஆண்களுக்கா பஞ்சம்? மணிமங்கலத்திலும் படப்பையிலும் அண்ணன் தம்பி, சித்தப்பா மகன், மாமன் மகன் என்று ஒரு கல்யாண மண்டபம் நிறையும். ஒருவருக்குச் சுகர். ஒருவருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. ஒருவர் புது வண்டிக்குப் பூஜை போட வேண்டும். ரத்தம் வேண்டும் என்றபோது இந்த வியாதிகள் இன்னும் முற்றின.

ரத்தம் கொடுத்தது பின்ரூம்காரர்கள். ஐந்து பேர், எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கம். அவர்களை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ரூம் கேட்டு வந்த அன்று, "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டவள் நான். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் மோட்டார் போட மாட்டேன். கொடியில் அவர்கள் துணி என் துணிப் பக்கம் நகர்ந்தால் சத்தம் போடுவேன். வண்டியை மறித்த சுடலைமணியை மணி என்போம்; அவருக்கு முப்பது வயது, ஊரில் மனைவியும் குழந்தையும் உண்டு. அவர் என்னை மதினி என்று கூப்பிடுவதுகூட எனக்குப் பிடிக்காது. எங்கள் பக்கம் அண்ணி என்றுதான் சொல்வோம். இவன் யார் புதிதாக உறவு வைக்க என்றிருக்கும்.

அந்த மணிதான் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுக் கட்டம் கட்டினார். யார் எந்த ஷிப்ட், யாருக்கு எப்போது ஓய்வு, யார் எத்தனை மணிக்கு ஏழுமலையின் கட்டிலுக்கு வர வேண்டும் என்று எழுதினார். "எங்க கம்பெனியில ரிலீவர் வந்து நிக்காம மெஷினை விட்டு எந்திரிக்க முடியாது மதினி. இங்கயும் அப்படித்தான். நீங்க தைரியமா வீட்டுக்குப் போங்க" என்றார். அவருக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. இரண்டாம் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து கட்டிலில் கட்டித் தொங்கவிட்டார். குளுக்கோஸ் மாற்றிய நேரம், சிறுநீர் எவ்வளவு, டிரெய்ன் பையில் எவ்வளவு, என்ன நிறம், வலி எப்படி என எல்லாம் அதில் ஏறியது. எழுதாத வேலை நடக்காத வேலை என்பது அவர்கள் பிரிவில் சொல்லும் பேச்சாம். எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். வராமல் இல்லை. பார்வை நேரத்தில் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம். ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஆப்பிள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாத மனிதருக்கு மூன்று நாளில் ஆறு பாட்டில் ஹார்லிக்ஸ் சேர்ந்தது. கட்டிலைச் சுற்றி நின்று, யார் யாருக்கு இதே ஆபரேஷன் நடந்து எப்படிச் செத்தார்கள் என்று பேசினார்கள். ஒருநாள் பதினெட்டு பேர் வந்தார்கள். நீ சாப்பிட்டாயா என்று என்னை ஒருவர் கேட்கவில்லை. காலையிலிருந்து நான் டீயோடு இருந்தேன். அன்று கேன்டீன் இட்லிப் பொட்டலம் ஒன்றை என் பைக்குள் வைத்துவிட்டு, சொல்லாமல் டூட்டிக்கு ஓடியவர் பின்ரூம் குமார்.

இனி மூன்றாம் நாளுக்கு வருகிறேன். வயிற்று நீரை இழுக்க மூக்கு வழியாக விட்டிருந்த குழாயை அன்று காலையில் எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா என்னிடமும் மணியிடமும் தெளிவாகச் சொன்னார்: "குடல் இன்னும் தூங்கிட்டு இருக்கு. வாயு பிரிஞ்சா சொல்லுங்க. அதுவரைக்கும் பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான். தண்ணிகூட கூடாது." நான் தலையாட்டினேன். நன்றாகப் புரிந்துதான் தலையாட்டினேன்.

சாயங்காலம் பெரியம்மா வந்தார். ஏழுமலைக்கு ஆறு வயதில் தாய் போனபின் எடுத்து வளர்த்தவர் அவர். மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் இளநீர் கொண்டுவந்திருந்தார். அவர் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். கட்டிலருகே வந்ததும் அவர் முகம் உடைந்துபோனது.

"இன்னாடி இது, புள்ளைய இப்பிடி காயப்போட்டு வச்சிக்கினு கீறீங்க? ஒதட்ட பாரு, எப்படி வெடிச்சி கீதுன்னு. ஒரு வாய் எளநீ குட்ரி. வயிறு குளிரட்டும்."

"டாக்டரு கூடாதுன்னாங்க பெரிம்மா."

"அவுங்களுக்கு இன்னா தெரியும்? பெத்தவளா அவுங்க? எளநீ இன்னா சாராயமா?"

மணி என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "வேண்டாம் மதினி. காலையில டாக்டரம்மா அவ்வளவு சொல்லிட்டுப் போனாவ."

பெரியம்மா திரும்பினார். "யார்ரா நீ? வாடகைக்கு கீறவன் வாடகைக்கு கீற மாதிரி இரு. எங்க வூட்டு விசயத்துல உனுக்கு இன்னா வேல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலையும் பார்த்தார். "ஒரு வாய், அமுதா" என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நான் மணியைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன்.

ஸ்பூனில் தொடங்கினேன். மூன்று ஸ்பூன் போனதும் அவர் டம்ளரைப் பிடுங்கி முழுவதையும் குடித்துவிட்டார். குடித்துவிட்டுச் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிடத்தில் கேட்டிருந்தால் இன்னொரு டம்ளரும் ஊற்றியிருப்பேன். பெரியம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்து நெட்டி முறித்தார். போகும்போது வராந்தாவில் மணியைக் கடந்து போனேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் எழுதிக்கினு இருக்காதீங்க, இது எங்க குடும்பம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை வெளி வராந்தாவிலிருந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு. வயிறு உப்பியிருந்தது. கட்டிலருகே டாக்டரம்மா நின்றார். காலையிலேயே வந்துவிட்ட பெரியம்மாவும் சித்தப்பா மகன் ஒருவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

"வாயால ஏதாவது கொடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்வதுபோல வாய் தானாகச் சொன்னது. பின்னால் நின்றவர்களும் வாய் திறக்கவில்லை. அவர் செத்துக்கொண்டிருந்தார், நாங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் முறையில் இருந்த குமார், கட்டிலில் கட்டியிருந்த நோட்டை அவிழ்த்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. மெஷின் நின்றால் சூப்பர்வைசர் கேட்பது நோட்டைத்தானே. டாக்டரம்மா சத்தமாகவே படித்தார்.

"நாலு நாற்பது. மதினி இளநீர் ஒரு டம்ளர் கொடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னேன். அஞ்சேகால். சிஸ்டர்கிட்ட சொன்னேன். பார்க்கிறேன்னாங்க. காலை அஞ்சு மணி. பை நூற்றைம்பது மில்லி. நேத்து வரைக்கும் லேசான சிவப்பு. இப்ப பச்சை."

அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "யாரு மதினி?"

அந்த வார்டில் அந்தப் பெயரால் அழைக்கப்படுகிறவள் ஒருத்திதான். "நான்தாங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். பச்சையாக வருவது பித்தநீர், போட்ட ஒட்டு விட்டிருக்கிறது, உள்ளே கசிகிறது, மறுபடி திறக்க வேண்டும் என்றார். பல நாள் கழித்து, இளநீரால்தான் விட்டதா என்று நானே கேட்டேன். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. தானாகவும் விட்டிருக்கலாம். ஆனா நீங்க இல்லைன்னு சொன்னதை நம்பியிருந்தா நான் வேற எதையோ தேடிட்டு இருந்திருப்பேன். அந்த நேரத்துல அவர் போயிருப்பார்." உண்மையாகவே அவர் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் முயன்றார் என்று நினைக்கிறேன். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இளநீர் தெரியாமல் செய்த தப்பு என்று ஆயிரம் சமாதானம் சொல்லலாம். அந்த "இல்லைங்க" தெரிந்தே சொன்னது.

இரண்டாம் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் பஞ்சாயத்து தொடங்கியது. முதல் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்காமல் மிஞ்சியிருந்த மணி, பி ஷிப்டை (மதிய ஷிப்ட்) பாதியில் விட்டுவிட்டு இப்போது கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மகன் அவர் காதில் விழும்படியே பேசினார்.

"எழுதி வச்சி போட்டுக் குட்த்துக்கீறான் பாரு. நாளைக்கே அஞ்சு பேரையும் காலி பண்ணச் சொல்லிடணும் அண்ணி. இவனுங்கள உள்ள வுட்டதே தப்பு."

பெரியம்மா தலையைக் குனிந்தபடி கேட்டார். "இப்ப ஏத்துற ரத்தமும் இவனுங்களோடதா? இன்னா ஆளுங்களாம்?"

அந்தக் கேள்வி என்னுடையது. ரூம் கொடுக்கும்போது நான் கேட்ட அதே கேள்வி. உள்ளே ஒரு மனிதரின் வயிற்றை இரண்டாம் முறை திறந்து வைத்திருக்கிறார்கள், வெளியே நாங்கள் ஜாதி விசாரிக்கிறோம். எனக்குள் என்னவோ அறுந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, பெரியவர்கள் என்றும் பார்க்கவில்லை.

"எளநீ குட்த்தது நான். குடுக்கலைன்னு பொய் சொன்னதும் நான். வூட்ட வுட்டு தொரத்தணும்னா என்ன தொரத்துங்க. அவுரு எழுதலைன்னா இந்நேரம் நீங்க மாலை வாங்கிக்கினு வந்திருப்பீங்க. ரத்தம் குடுக்க ஒருத்தருக்கும் வக்கில்ல, ரத்தம் இன்னா ஆளுன்னு கேக்க மட்டும் வாய் கீதா?"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா மகன் எழுந்து போனவர்தான், இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நல்லது. மணி மட்டும் பதறிப்போய், "மதினி, சத்தம் போடாதிய. எல்லாரும் பதட்டத்துல இருக்காவ" என்றார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "நாலு நாற்பதுன்னு எழுதினேன்லா, நாலு முப்பத்தெட்டா இருக்கும் மதினி. கைக்கடிகாரம் ரெண்டு நிமிசம் ஃபாஸ்ட்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஏழுமலை பிழைத்தார். சிறுகுடலில் நேராக ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். ஒன்றரை மாதத்துக்கு வாயால் ஒன்றும் கிடையாது. இரண்டு மணிக்கு ஒரு முறை வடிகட்டிய கஞ்சித் தண்ணீரோ பருப்புத் தண்ணீரோ அந்தக் குழாயில் பெரிய ஊசிக் குழல் வைத்து ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் ஆறவைத்த வெந்நீரை விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அடைத்துக்கொண்டால் மறுபடி ஆஸ்பத்திரி. வீட்டுச் சுவரில் காலண்டர் தாள் ஏறியது. நான், மணி, குமார், மற்ற மூவர். எதிர்வீட்டு மேரியக்கா பின்ரூம்காரர்களுக்கும் எனக்கும் சேர்த்துச் சோறு வடித்துக் கொடுத்தார். எங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர்தான். மோட்டார் ஸ்விட்சை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெரியம்மா வந்தார். வெறுங்கையோடு வந்தார். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய மன்னிப்பு கிடையாது. ஒரு மூலையில் உட்கார்ந்து, மணி குழாயில் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள், "இப்பிடி குட்றா, நான் ஊத்தறேன்" என்று வாங்கிக்கொண்டார். அவசரப்படாமல் ஊற்றினார். என்னைவிட நன்றாகவே செய்தார். முடித்ததும் மணியைப் பார்த்து, "ம், எழுதிக்கோடா. நான் ஊத்திட்டேன்" என்றார். மணி நேரம் பார்த்து எழுதினார். எழுதியதைப் பெரியம்மா விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

என் இடத்தில் இன்று இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்களைச் சுற்றிக் கூட்டம் சேரும். அன்போடுதான் சேரும். அந்த அன்புக்கு முன்னால் டாக்டர் சொன்னது உங்களுக்கே மறந்துபோகும். அப்போது முறைத்துக்கொண்டாவது தடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டவர்களை மனிதர் பிழைத்து எழுந்தபின் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்லிக்ஸை வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் நான் உட்காருகிறேன், நீ போய்க் குளித்துவிட்டு வா என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால் வீட்டிலேயே இருங்கள்.

கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. அங்கே அந்த டப்பா இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை; இருக்கும். அவர் இப்போது வல்லக்கோட்டை ரோட்டில் சைக்கிள், வண்டி பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மணி ஊருக்குப் போய்ப் பல வருடமாகிறது. பொங்கலுக்குப் போன் செய்வார். நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நேரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை கிடையாது; அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு முறை சாப்பிடுகிறார், நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். வயிற்றில் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை தழும்பு. மழை வரும்போது இழுக்கிறது என்பார். அவர் இரைப்பை எங்கே இருக்கிறது, குடல் எப்போது உறங்குகிறது, எப்போது விழிக்கிறது என்று எனக்குத் தெரியும். என் உடம்பைப் பற்றிக்கூட அவ்வளவு தெரியாது.

ஒரு பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கடையிலிருந்து வந்ததும் சொம்பில் தண்ணீர் எடுப்பார். வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, ஒரு முறை என்னைப் பார்ப்பார். பார்ப்பது அவருக்கே தெரியாது. பெண்டாட்டியைக் கேட்டுத்தான் தண்ணிகூட குடிப்பாயா என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள். இருபது வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பார்வையில் எனக்கு அந்த நாலு நாற்பது நினைவு வருகிறது. "குடிங்க" என்கிறேன். குடிக்கிறார்.